வில்லியம் என்ற பெயரில் ஒரு பெண் சிப்பாய்!

1866, நவம்பர் 15. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ராணுவத்துக்கு ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். கறுப்பின இளைஞர் ஒருவர் வந்து நின்றார். பெயர் வில்லியம் கேத்தி, வயது 22, தொழில் சமையல். 5 அடி 9 அங்குல உயரம். மருத்துவர் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, 'தகுதியானவர்' என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

அந்த 'இளைஞரின்' உண்மைப் பெயர் கேத்தி வில்லியம்ஸ். பெண்! அன்றைக்கு அமெரிக்க ராணுவத்தில் பெண்கள் சேரவே முடியாது.

மிசௌரி மாநிலத்தில் பிறந்தவர் கேத்தி. அப்பா சுதந்திர மனிதர், அம்மா அடிமை. தாய் அடிமை என்றால் பிள்ளையும் அடிமை. அதுதான் அன்றைய சட்டம். 1861-ல் உள்நாட்டுப் போர் மூண்டதும் அந்தப் பக்கம் வந்த வடக்குப் படை, கேத்தியையும் கூட்டிக்கொண்டு போனது. அவர் விருப்பத்தை யாரும் கேட்கவில்லை. சிப்பாய்களுக்குச் சமைத்தார், துணி துவைத்தார்.

போர் முடிந்தது, அடிமைமுறை ஒழிந்தது. சாப்பாட்டுக்கு என்ன வழி? உறவினர், நண்பர் யாரையும் அண்டாமல் சொந்தமாகச் சம்பாதிக்கவே ராணுவத்தில் சேர்ந்ததாகப் பிறகு சொன்னார். 38-வது காலாட்படையில் ரகசியம் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஓர் உறவினர், ஒரு நண்பர். இருவரும் வாயே திறக்கவில்லை.

கான்சாஸ், நியூ மெக்சிகோ என்று நெடுந்தூர நடை. நடுவில் பெரியம்மை வேறு. பல முறை ராணுவ மருத்துவமனைகளில் படுத்திருக்கிறார், எவரும் கண்டுபிடிக்கவில்லை. அப்படி என்னதான் வைத்தியம் பார்த்தார்களோ! கடைசியில் அலுத்துப்போய், நோய் என்று நடித்து, மருத்துவருக்கு அவரே தெரியவிட்டார். 1868, அக்டோபர் 14 அன்று வெளியே அனுப்பினார்கள். சான்றிதழில் உடல் பலவீனம் என்றுதான் காரணம் எழுதியிருந்தது. பெண் என்ற பேச்சே இல்லை. 1876-ல் ஒரு செய்தித்தாள் அவர் கதையை வெளியிட்ட பிறகுதான் ஊருக்குத் தெரிந்தது.

கொலராடோவின் டிரினிடாட் நகரில் துணி துவைத்தும் தைத்தும் பிழைத்தார். உடம்பு தளர்ந்ததும் 1891-ல் ராணுவ பென்ஷனுக்கு விண்ணப்பித்தார். பரிசோதித்த மருத்துவர், இரண்டு பாதங்களிலும் விரல்கள் அகற்றப்பட்டிருப்பதையும், ஊன்றுகோல் இல்லாமல் நடக்க முடியாததையும் பதிவு செய்தார். அதே கையோடு, ஊனம் எதுவும் இல்லை என்றும் எழுதினார்! 1892-ல் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. ஒரு பெண்ணுக்கு எப்படி சிப்பாய் பென்ஷன் என்று தட்டிக் கழித்திருந்தால்கூட, அந்தக் காலத்து விதி என்று நினைத்துக்கொள்ளலாம். விரல்களே இல்லாத கால்களைப் பார்த்துவிட்டு அப்படி எழுத எப்படி மனசு வந்தது?

அதன் பிறகு கேத்தி எந்தப் பதிவிலும் இல்லை. கல்லறை எங்கே என்றும் தெரியாது. 2016-ல் கான்சாஸ் மாநிலத்தின் லெவன்வொர்த் நகரில் அவருக்கு வெண்கல மார்பளவுச் சிலை வைத்தார்கள். நிராகரிக்கப்பட்ட அந்த பென்ஷன் கோப்பு அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. அவர் வாழ்க்கையைத் தேடிய ஆய்வாளர்களுக்குக் கைகொடுத்தது அந்தக் கோப்புதான்.