ஜனாதிபதியைப் பாடமாக எடுத்த புரொபஸர்

"பொலிடிகல் சயன்ஸ்தான் படிப்பேன்" என்று ப்ளஸ் டூ முடித்த கையோடு என் பெண் ஒரே பிடிவாதம். "படிச்சுட்டு என்னடி பண்ணப் போறே? மேடையிலே பேசப் போறியா?" என்றேன். பதிலே பேசாமல் லைப்ரரியிலிருந்து ஒரு புத்தகத்தைக் கொண்டு வந்து என் மடியில் போட்டாள். அமெரிக்காவில் 1960-ல் வெளிவந்த 'பிரஸிடென்ஷியல் பவர்'. எழுதியவர் ரிச்சர்ட் நியூஸ்டாட் என்ற புரொபஸர்.

அடுப்படி வேலை ஓய்ந்த மத்தியானங்களில் புரட்ட ஆரம்பித்தேன். அப்புறம் அவரைப் பற்றியும் தேடித் தேடிப் படித்தேன்.

பிலடெல்பியாவில் 1919-ல் பிறந்தவர். யுத்தத்தின்போது கடற்படையில் இருந்தார். பிறகு வாஷிங்டனில் பட்ஜெட் இலாகா, 1950-ல் ஜனாதிபதி ட்ரூமனின் வெள்ளை மாளிகையிலேயே உத்தியோகம். இதற்கு நடுவே 1951-ல் ஹார்வர்டில் டாக்டர் பட்டமும் வாங்கிவிட்டார். கொலம்பியா சர்வகலாசாலையில் பாடம் சொல்ல வந்தது அதற்குப் பின்னால்தான்.

பாடப் புத்தகங்களில் ஜனாதிபதியின் அதிகாரங்கள் வரிசையாக இருந்தன. இவர் கண்ணால் பார்த்ததோ வேறு! ஜெனரல் ஐஸன்ஹோவர் பதவிக்கு வருவதற்கு முன்பே, "பாவம், இதைச் செய், அதைச் செய் என்பார், ஒன்றும் நடக்காது. இது பட்டாளம் இல்லையே!" என்கிற மாதிரி ட்ரூமன் சொன்னாராம். அதிகாரம் என்பது பிறரை இணங்க வைக்கும் சாமர்த்தியம்தான் என்கிறார் நியூஸ்டாட். கறுப்பினப் பிள்ளைகள் ஒன்பது பேர் பள்ளிக்கூடம் போவதற்காக 1957-ல் லிட்டில் ராக் ஊருக்கு ஐஸன்ஹோவர் பட்டாளத்தை அனுப்பினாரே, அதைக்கூட இவர் வெற்றியாக எண்ணவில்லை. வேறு வழியெல்லாம் அடைபட்ட பிறகு போடுகிற உத்தரவாம் அது. நாம் கத்தின பிறகுதான் பிள்ளை புத்தகத்தைத் தொடுகிறான் என்றால்? படித்தபோது எனக்குச் சுருக்கென்றது.

கென்னடி இவரைக் கூப்பிட்டு யோசனை கேட்டார். பிரிட்டனோடு ஏவுகணை விஷயத்தில் மனஸ்தாபம் வந்தது ஏன் என்று ஆராய்ந்து எழுதச் சொன்னார். 1963 நவம்பரில் அறிக்கை கைக்கு வந்ததும், "என் வாழ்க்கை எப்படியென்று தெரிய வேண்டுமானால் இதைப் படி" என்று மனைவி ஜாக்குலினிடம் கொடுத்தாராம். சில நாட்களில் டல்லாஸில் அவரைச் சுட்டுவிட்டார்கள்.

பிறகு ஹார்வர்டில் நெடுங்காலம் பாடம் சொன்னார். முதல் மனைவி 1984-ல் காலமானபின், பிரிட்டிஷ் அரசியலில் பெயர் பெற்ற ஷெர்லி வில்லியம்ஸை 1987-ல் மணந்தார். 2003-ல் மறைந்தார்.

என் பெண் என்னோடு வாதாடவே இல்லை, பார்த்தீர்களா? அவள் அப்பாவோ இன்னும் பி.காம். என்றே நிற்கிறார். அப்ளிகேஷன் கொடுக்க நாலு நாள்தான் பாக்கி. இன்றைக்கு ராத்திரி சாப்பாடு ஆனதும், அந்தப் புத்தகத்தை அவர் ஈஸிசேர் பக்கத்தில் வைக்கலாமென்று இருக்கிறேன்.