சோயா அவரையும் மகப்பேறும்

கல்லூரி விடுதியில் மரக்கறி உணவு உண்டவர்களுக்குச் சோயா மீற் கறியை அறிமுகஞ் செய்ய வேண்டுவதில்லை. விழா மலரில் அதனைப்பற்றி எழுதப் புகுந்தமைக்குக் காரணம் ஒன்றுண்டு. சில ஆண்டுகளுக்கு முன்னர் எம்மிடம் பயின்ற மாணவர் ஒருவர் எமது இல்லத்துக்கு வந்திருந்தார். மணமாகி மூன்றாண்டுகள் கழிந்தும் அவருக்கு மகப்பேறு வாய்க்கவில்லை. விடுதியில் ஏழாண்டுகள் சோயா உண்டதன் பயனே அது என்று வீட்டார் கூற, அவரும் அதனை நம்பி, இரண்டாண்டுகளாகச் சோயாவைத் தொடாது காத்திருந்தார். தமிழாசிரியராகிய எமக்கு அன்று விடை தெரியவில்லை. பின்னர் விஞ்ஞானம் கற்பிக்கும் நண்பரின் துணைகொண்டு யாம் அறிந்தவற்றையே ஈண்டுத் தருகின்றோம்.

சோயா என்னும் பெயர் யப்பானியரின் ‘சோயு’ என்ற சொல்லிலிருந்து பிறந்தது. அவரையைப் புளிக்கவைத்து வடிக்கும் குழம்புக்கு அவர்கள் இட்ட பெயர் அது. அதனை ஐரோப்பாவுக்குக் கொண்டுசென்றவர்கள் ஒல்லாந்தர். யாழ்ப்பாணத்தை 1658 முதல் 1795 வரை ஆண்டவர்களும் அவர்களே. எனினும் நம் நாட்டிற் சோயா பெருவழக்கானது அண்மைக் காலத்திலேயாம். 1973 இல் தொடங்கிய திரிபோஷாத் திட்டத்திற் சோளத்தோடு சேர்ந்து தாய்மாரையும் குழந்தைகளையும் வந்தடைந்ததும் இவ்வவரையே. உலர்ந்த அவரை நூறு கிராமில் ஏறக்குறைய 36 கிராம் புரதம் உண்டு.

இனி, அச்சம் எங்கிருந்து பிறந்தது என்பதைக் காண்போம். அது வெறும் புரளியன்று. மேற்கு அவுஸ்திரேலியாவிற் குளோவர் என்னும் பயற்றினப் பூண்டு நிறைந்த மேய்ச்சல் நிலங்களில் ஆடு வளர்த்தோர், 1940களில் ஒரு விந்தையைக் கண்டு கலங்கினர். செழிப்பாக மேய்ந்த பெண்ணாடுகள் கருத்தரிக்கவில்லை. தரித்தவையும் ஈனமாட்டாது வருந்தின. சிலவற்றுக்குக் கருப்பை வெளித்தள்ளியது. விதையடித்த கடாக்களின் மடியிற் பால் சுரந்ததுங்கூட உண்டு! 1946 இல் ஆய்வாளர் இதனை வெளியிட்டனர். பூண்டிலுள்ள ஐசோபிளேவோன் என்னும் பொருள் ஆட்டின் முதல் இரைப்பையில் மாற்றமுற்று, பெண்மைக்குரிய ஈஸ்திரோஜன் என்னும் ஓமோனைப்போலத் தொழிற்பட்டதே காரணம் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. சோயாவில் இருப்பனவும் அவ்வினத்துப் பொருள்களே.

ஓமோன் ஒரு திறப்பு என்றால், உடலின் கலங்களில் அதற்கேற்ற பூட்டுகள் உள. ஐசோபிளேவோன் அப்பூட்டினுள் நுழையுமாயினும் உண்மைத் திறப்பைப்போல முற்றாகத் திருகமாட்டாது. மேலும் பூட்டு ஒன்றன்று, இரண்டு. இரண்டாவது வகை 1996 இலேயே கண்டறியப்பட்டது; ஐசோபிளேவோன் பெரிதும் நாடுவது அதனையே. ஆடுகளோ திங்கட்கணக்காக வேறுணவின்றி அப்பூண்டையே மேய்ந்தவை. வட அமெரிக்க விலங்குக்காட்சிச் சாலைகளில் சீற்றா என்னும் வேட்டைச் சிறுத்தைகள் மலடாகியதற்கும் சோயா கலந்த உணவு காரணமாகலாம் என 1987 இற் கூறப்பட்டது. பூனைக்குலம் இப்பொருளை உடலினின்று எளிதிற் கழிக்க வல்லதன்று.

மனிதர் நிலை யாது? 2008 இல் அமெரிக்காவின் பொஸ்டன் நகரில், மகப்பேற்றுச் சிகிச்சை நிலையத்துக்கு வந்த தம்பதியருள் 99 ஆண்களை ஆராய்ந்தனர். சோயாவை மிகுதியாக உண்டோருக்கு, உண்ணாதோரினும் மில்லிலீற்றருக்கு 41 மில்லியன் விந்தணுக்கள் குறைந்திருந்தன. இச்செய்தியே உலகெங்கும் பரவியது. அணுக்களின் அசைவிலும் வடிவிலும் வேறுபாடு காணப்படவில்லை என்பது பரவவில்லை! உண்டதை நினைவுகூரச் செய்து கணித்த ஆய்வு அது. காரணத்தை நிறுவ அது போதாது. 2010 இல் இளைஞர் 32 பேருக்குச் சோயாப் புரதத்தை முறையாக ஊட்டிப் பார்த்தபோது விந்தின் தரத்திற் கேடு தோன்றவில்லை. ஆண்மைக்குரிய ஓமோனும் குறைவதில்லை எனப் பல சோதனைகளை ஒருங்குசேர்த்து நோக்கியோர் அவ்வாண்டிலும் 2021 இலும் கண்டனர்.

பெண்களின் உடலில் சிறு மாற்றம் உண்டு. நாடோறும் 60 கிராம் சோயாப் புரதம் உண்ட பெண்களுக்கு மாதச் சுற்றின் முற்பகுதி சற்று நீண்டதென 1994 இற் பதிவாயிற்று. அதனைக் கருத்தரியாமை எனக் கொள்ளுதல் தவறு.

அளவிறந்தால் அமுதும் நஞ்சன்றோ? நாள்தோறும் ஏறக்குறைய மூன்று லீற்றர் சோயாப்பால் அருந்திய அறுபது வயதினர் ஒருவருக்கு மார்பு பெருத்தது. நிறுத்தியபின் அது தணிந்தது. ஒரு குவளைப் பாலில் ஏறத்தாழ 25 மில்லிகிராம் ஐசோபிளேவோன் உண்டு. யப்பானியர் பலர் நாளொன்றுக்கு அவ்வளவோ அதனின் இருமடங்கோ தலைமுறை தலைமுறையாக உண்டு வருகின்றனர். எனினும் தைரொயிட் மாத்திரை உட்கொள்வோர் அதனையும் சோயாவையும் ஒரே வேளையிற் கொள்ளலாகாது. மருந்து உடலிற் சேர்வதைச் சோயா தடுக்கும்.

எம் மாணவருக்கு இவற்றையெல்லாம் பின்னர்க் கூறினோம். ஓராண்டு முயன்றும் கருத்தரியாவிடின் தம்பதியர் இருவரும் மருத்துவரை நாடவேண்டும். மனைவிக்கு வயது முப்பத்தைந்தைக் கடந்திருப்பின் ஆறு திங்களே எல்லை. அவர்களோ சோயாவைக் குற்றவாளியாக்கி இரண்டாண்டுகளைக் கழித்துவிட்டனர். பின்னர் மருத்துவரிடஞ் சென்றபோது காரணம் வேறொன்றெனத் தெரிந்தது, சிகிச்சையும் இருந்தது. சென்ற ஆண்டு மகளோடு வந்திருந்தார். விடுதிச் சாப்பாட்டில் இப்போதும் சோயா மீற் உண்டோ என்று கேட்டுச் சிரித்தார். வெள்ளிக்கிழமைதோறும் உண்டு என்றோம்.