ஆரியசாலைக்கு வரும் விருந்தினர்

ஆங்கில நாட்டுச் சிற்றூர் ஒன்றின் வரலாற்றை எழுத முற்படுவோர், முதலில் அவ்வூர் மாதாகோயிலின் பதிவேட்டைப் புரட்டுவர். ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றைப் பதிந்து வைக்குமாறு 1538-இல் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல் ஆணையிட்டார். அதனால் எளிய உழவனும் சரித்திரத்தில் இடம் பெற்றான். நம் வணிகத் தெருக்களுக்கு அத்தகைய ஏடு இல்லை. ஆயினும் திருவனந்தபுரத்து ஆரியசாலை, தன் நினைவை வேறொரு வகையிற் காத்து வருகிறது.

தமிழகத்திலிருந்து புதிதாக வருவோர் ‘சாலை’ என்றதும் பெருவழியையே எண்ணுவர். நாமும் அவ்வாறே மயங்கினோம். பழைய சாசனங்களில் சாலை என்பது உண்டியும் கல்வியும் அளித்த அறநிலையமாகும். ஆய் வேந்தன் கருநந்தடக்கன், 866-ஆம் ஆண்டளவில், இன்றைய குமரி மாவட்டத்துப் பார்த்திவசேகரபுரத்தில் 95 மாணாக்கர்க்குச் சாலையொன்று நிறுவி, காந்தளூர்ச்சாலையின் நெறியையே அதற்கும் வகுத்தான். அக்காந்தளூர்ச்சாலை, ஆரியசாலையை அடுத்த வலியசாலையில் இருந்தது என்பர் பலர். வேறிடம் காட்டுவாரும் உளர். வலியசாலைச் சிவன்கோயில் இன்றும் காந்தளூர்ப் பெயரைத் தாங்கி நிற்கிறது.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் திவான் இராஜா கேசவதாசர் சாலைக் கடைத்தெருவை அமைத்தார். சரக்கோடு தமிழ் வணிகரும் வந்து குடியேறினர். தோவாளைப் பூ இன்றும் வருகிறது.

இத்தெருவினர் ஆண்டுதோறும் எதிர்நோக்குவது நவராத்திரியை. திருவிதாங்கூரின் தலைநகர் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு மாறியபின், அங்கிருந்த தெய்வங்களை விழாவுக்கு இங்கே எழுந்தருளச் செய்யும் வழக்கம் ஏற்பட்டது. பத்மநாபபுரத்துச் சரஸ்வதி யானைமீதும், வேளிமலைக் குமாரசுவாமியும் சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் பல்லக்கிலும் புறப்படுவர். குழித்துறையில் ஓரிரவு, நெய்யாற்றின்கரையில் ஓரிரவு தங்கி, மூன்றாம் நாள் கரமனையை அடைவர். கம்பர் வழிபட்ட படிமமே அச்சரஸ்வதி என்பது செவிவழிச் செய்தி. கலைமகளுக்குக் கோட்டையகத்து நவராத்திரி மண்டபம். நங்கைக்குச் செந்திட்டைக் கோயில். குமாரசுவாமிக்கோ ஆரியசாலை அம்மன் கோயில். மலையிறங்கி வந்த முருகன் இத்தெருவில் விருந்தினனாகத் தங்குகிறான். விஜயதசமியன்று வெள்ளிக் குதிரையேறிப் பூஜப்புரைக்குச் செல்கிறான்.

1956 நவம்பர் 1-ஆம் நாள் தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுக்காக்களும் சென்னை இராஜ்யத்துடன் இணைந்தன. விருந்தினர் வேற்று மாநிலத்தவராயினர்! ஒரே நாளில் சுற்றத்தாரும் அவ்வாறே ஆயினர். பெண் கொடுத்த வீடு எல்லைக்கு அப்பால் நின்றது. எனினும் பவனி நிற்கவில்லை. களியக்காவிளை எல்லையில் கேரள அரசினர் அதனை மரியாதையுடன் வரவேற்கின்றனர்.

இங்கே பிறந்து மலையாளப் பள்ளியிற் பயிலும் தமிழ்ப் பிள்ளைகளுள், வீட்டில் தமிழ் பேசியும் அதனை எழுதப் படிக்க அறியாதோர் உளர். இக்கவலை, வெளிமாநிலங்களில் வாழும் நம் அனைவர்க்கும் உரியதே. சுசீந்திரத்து அம்மையின் பெயர் பேச்சுவழக்கில் ‘முன்னூற்றிநங்கை’ எனத் திரிந்துவிட்டது. அவ்வாறு கூறும் பேரனிடம், ‘முன்னுதித்த நங்கை’ என்று திருத்தி, முன் உதித்தவள் எனப் பொருளும் சொல்லும் பாட்டிமாரை நாம் இத்தெருவிற் கண்டிருக்கிறோம்.

விழா முடிந்து ஒருநாள் ‘நல்லிருப்பு’. மறுநாள் தெய்வங்கள் கரமனை வழியே மீண்டும் தெற்கு நோக்கிப் புறப்படுகின்றன.