‘அனுமதி நிர்வாகத்தின் முடிவுக்கு உட்பட்டது’: ஹோட்டல் வாசலில் உங்களைத் திருப்பி அனுப்ப முடியுமா?

ஹைதராபாத் போறேன், எங்கே சாப்பிடலாம்னு கேட்டுப் பாருங்க, ஆளுக்கொரு பட்டியல் தருவாங்க. செகந்திராபாத் பாரடைஸ், ஆர்.டி.சி. கிராஸ் ரோட்ஸ் பவர்ச்சி, பழைய நகரத்தில் ஷதாப், சார்மினாரை ஒட்டிய நிம்ராவில் ஈரானி சாயும் உஸ்மானியா பிஸ்கட்டும். பிரியாணியோடு வரும் மிர்ச்சி கா சாலனைப் பற்றியே ஒரு மணி நேரம் பேசுவார்கள்.

அதே நகரத்தின் புதிய பகுதிகளில் பேச்சு வேறு மாதிரி. நான்கு ஆண் நண்பர்கள் சேர்ந்து ஜூப்ளி ஹில்ஸிலோ கச்சிபௌலியிலோ ஒரு ரெஸ்டோபாருக்குப் போனால், “ஸ்டாக்ஸ் நாட் அலவ்ட் சார், கப்பிள்ஸ் ஒன்லி” என்ற பதில் வரலாம். இன்னொரு இடத்தில் செருப்பைப் பார்ப்பார்கள். கேள்வி கேட்டால், கண்ணாடிக் கதவில் ஒட்டியிருக்கும் ‘ரைட்ஸ் ஆஃப் அட்மிஷன் ரிசர்வ்ட்’ பலகையைக் காட்டுவார்கள்.

அந்தப் பலகைக்கு சட்டத்தில் என்ன மதிப்பு? நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு. ஆனால் பூஜ்யமும் இல்லை.

குடித்துவிட்டுத் தகராறு செய்பவர், பணம் கொடுக்க மறுப்பவர், மது கேட்கும் சிறுவர், இவர்களை உரிமையாளர் தடுக்கலாம். சிக்கல், நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதை விட்டு, நீங்கள் யார் என்று பார்த்துத் தடுக்கும்போதுதான் வருகிறது.

அரசியலமைப்பு என்ன சொல்கிறது?

அடிப்படை உரிமைகளில் பெரும்பாலானவை அரசுக்கு எதிரானவை. தனியார் முதலாளியிடம் அவற்றை நீட்ட முடியாது. விதிவிலக்குகளில் ஒன்று பிரிவு 15(2). மதம், இனம், சாதி, பாலினம், பிறந்த இடம் ஆகியவற்றை மட்டும் காரணமாக வைத்து எந்தக் குடிமகனையும் கடைகள், பொது உணவகங்கள், ஹோட்டல்கள், பொழுதுபோக்கு இடங்களுக்குள் வரவிடாமல் தடுக்கக் கூடாது என்கிறது அது. உணவகம் என்ற சொல்லே அரசியலமைப்பில் இருக்கிறது, கவனியுங்கள்.

1948 நவம்பர் 29 அன்று அரசியல் நிர்ணய சபையில் இதை விளக்கிய அம்பேத்கர், ‘கடை’ என்பதைக் குறுகிய பொருளில் எடுக்கக் கூடாது, சேவை தருகிற எல்லோரும் அதில் அடக்கம் என்றார். 2011இல் இந்திய மருத்துவ சங்கம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றமும் அதே பொருளை ஏற்றது. அந்த அமர்வில் இருந்த நீதிபதி பி. சுதர்சன் ரெட்டி இன்றைய தெலங்கானாவைச் சேர்ந்தவர்.

அந்த வரி சும்மா வந்துவிடவில்லை. அன்றைய சென்னை மாகாணத்தில் ரயில் நிலையச் சாப்பாட்டு அறைகளே பிராமணர், மற்றவர் என்று பிரிந்திருந்தன. அது ஒழிந்தது 1941இல்தான். அரசியலமைப்பு வந்த பிறகும், 1957இல் திருவல்லிக்கேணி முரளி கஃபேயின் பலகையில் இருந்த ‘பிராமணாள்’ என்ற சொல்லை எதிர்த்து பெரியாரின் தொண்டர்கள் மாதக்கணக்கில் மறியல் செய்து கைதானார்கள். டீக்கடைகளின் ‘இரட்டை டம்ளர்’ பழக்கம் நமக்குப் புதுசா என்ன?

இரட்டை டம்ளருக்கு சட்டம் தெளிவு. 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 4, உணவகத்துக்குள் நுழைவதை மட்டுமல்ல, அங்குள்ள பாத்திரங்களைப் பயன்படுத்துவதைத் தடுப்பதையும் தீண்டாமைக் குற்றம் என்கிறது. 1 முதல் 6 மாதம் வரை சிறை, 100 முதல் 500 ரூபாய் வரை அபராதம். (500 ரூபாய் இன்றைக்கு இரண்டு மட்டன் பிரியாணிக்கே காணாது. தொகையை யாரும் திருத்தவில்லை.) கடுமையானது எஸ்.சி., எஸ்.டி. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம்: பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதி அல்லது பழங்குடியினராக இருந்தால், 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை.

சட்டத்தின் ஓட்டைகள்

15(2) பட்டியலில் உடை இல்லை. வர்க்கம் இல்லை. மொழி இல்லை. நகரங்களில் இன்று நடக்கும் பாகுபாடு பெரும்பாலும் இந்த வழியாகத்தான் நுழைகிறது என்று தோன்றுகிறது. சாதியைக் கேட்க மாட்டார்கள், சட்டையைப் பார்ப்பார்கள்.

2016இல் கொல்கத்தா பார்க் ஸ்ட்ரீட்டின் மொகாம்போ உணவகம், தன்னுடன் வந்த கார் ஓட்டுநரை அனுமதிக்கவில்லை என்று ஒரு வாடிக்கையாளர் புகார் சொன்னார். 2021 செப்டம்பரில் டெல்லியின் அகிலா உணவகத்தில் சேலை ‘ஸ்மார்ட் கேஷுவல்’ அல்ல என்று ஒரு பெண்ணிடம் சொன்ன வீடியோ பரவியது. நிர்வாகம் அவர் ஊழியரிடம் தகராறு செய்ததாகச் சொன்னது. அந்த உணவகத்தை மூட மாநகராட்சி உத்தரவிட்டதும் உண்மை. ஆனால் சேலைக்காக இல்லை. உரிமம் இல்லாததற்காக.

நேர்மாறானது பெங்களூரு. ஜப்பானியர்களுக்கு மட்டும் என்று நடத்தப்பட்டதாகச் சொல்லப்பட்ட ‘யூனோ-இன்’ ஹோட்டலை 2014இல் மாநகராட்சி இனப் பாகுபாட்டுப் புகாரின் பேரில் மூடியது. அங்கே தடுக்கப்பட்டவர்கள் இந்தியர்கள். தோலிசௌக்கியில் வாழும் ஆப்பிரிக்க மாணவரை ஒரு ஹைதராபாத் உணவகம் தடுத்தால்? 15(2) ‘குடிமகன்’ என்கிறது. அந்தப் பாதுகாப்பு அவருக்குக் கிடைக்காது.

அப்போ ‘ஸ்டாக்’ விதி? ஆண் என்பதால் மட்டும் தடுத்தால் அது பாலினப் பாகுபாடு என்று வாதிட வலுவான இடம் இருக்கிறது. பெண்களின் பாதுகாப்புக்காக என்பார்கள் நிர்வாகத்தினர். பெண்களுக்குச் சிறப்பு ஏற்பாடு செய்ய 15(3) இடம் தருவது அரசுக்கு, பாருக்கு அல்ல.

திருநர்களுக்கு நிலைமை சற்றுத் தெளிவு. 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி பொது இடத்துக்குள் வரவிடாமல் தடுத்தால் 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறை. இத்தனைக்கும், திருநங்கைகளைக் குற்றவாளிகள்போல் பதிவேட்டில் ஏற்றச் சொன்ன நிஜாம் காலச் சட்டம் ஒன்றை தெலங்கானா உயர் நீதிமன்றம் ரத்து செய்தது 2023 ஜூலையில்தான்.

மாற்றுத்திறனாளிகளிடம் ‘வராதே’ என்று சொல்லத் தேவையே இல்லை, வாசலில் ஐந்து படி போதும். 2022இல் குருகிராமின் ராஸ்தா உணவகம் சக்கர நாற்காலியில் வந்த பெண்ணைத் தடுத்ததாகப் புகார் எழுந்து, நிறுவனர் மன்னிப்பு கேட்டார். 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், அணுகல் விதிகள் வெறும் பரிந்துரையாக இருக்கக் கூடாது, கட்டாயமாக்குங்கள் என்று மத்திய அரசுக்கு 3 மாதக் கெடு விதித்தது. அதற்கு அடிப்படையாக இருந்த ஆய்வறிக்கையைத் தந்தது ஹைதராபாத்தின் நல்சார் சட்டப் பல்கலைக்கழகம்.

உங்களைத் தடுத்தால் என்ன செய்யலாம்?

முதலில் காரணத்தைச் சொல்ல வையுங்கள். முடிந்தால் எழுத்தில் கேளுங்கள், பலகையைப் படம் எடுங்கள், நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். சாதி காரணம் என்றால் நேராகக் காவல் நிலையம். மாற்றுத்திறனாளி என்றால் மாநில ஆணையர். 15(2)-ல் தண்டனை எதுவும் இல்லை. அதை மட்டும் நம்பினால் உயர் நீதிமன்றம் போக வேண்டும். அதற்குக் காசும் பொறுமையும் வேணும். உணவகங்கள் உண்மையில் பயப்படுவது உரிமத்துக்குத்தான், அதனால் மாநகராட்சிக்கு ஒரு புகார் போடுவது வீண் போகாது.

நுகர்வோர் ஆணையம்? வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டவர் பணம் எதுவும் கொடுக்கவில்லை என்பதால், அவர் ‘நுகர்வோர்’ இல்லை என்று எதிர்த்தரப்பு வாதிடும். முன்பணம் கட்டி டேபிள் பதிவு செய்திருந்தால் கதை வேறு. அந்த ரசீதை அழித்துவிடாதீர்கள்.