கணினிக்குள் கண்காணாத ஊழியர்கள்



தோட்டப்புறத்தில் வாழ்ந்தவர்களுக்குப் பம்பு வீடு நினைவிருக்கும். ஆற்றோரத்தில் ஒரு சிறு கொட்டகை. அதற்குள் ஓர் எஞ்சின். பக்கத்தில் நாற்காலி போட்டு ஓர் ஆள் உட்கார்ந்திருப்பார். மரம் சீவப் போகிறவர்கள் அவரைக் கடக்கும்போது, "இவருக்கு மட்டும் உட்கார்ந்த இடத்தில் சம்பளம்" என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. ஆனால் அவர் ஒரு நாள் வராவிட்டால் லயத்துக் குழாய்களில் தண்ணீர் வராது. சும்மா இருப்பதாகத் தோன்றுகிறவர் எல்லாரும் வேண்டாதவர் அல்லர்.

நாம் வீட்டிலும் பள்ளியிலும் பயன்படுத்தும் கணினிக்குள்ளும் இப்படிப்பட்ட ஊழியர்கள் பலர் இருக்கிறார்கள். நாம் எந்த நிரலையும் திறக்காதபோதும் அவர்கள் பின்னால் இருந்து வேலை செய்கிறார்கள், அல்லது வேலை வரும் என்று காத்திருக்கிறார்கள். இவர்களைத்தான் பின்னணிச் சேவைகள் என்கிறோம். கணினி மந்தமாகிவிட்டது என்றால், "வேண்டாத சேவைகளையெல்லாம் நிறுத்திவிடு" என்று யாராவது யோசனை சொல்வார்கள். எதை நிறுத்தலாம், எதைத் தொடக்கூடாது என்று தீர்மானிப்பது எப்படி? விண்டோஸ் கணினியை எடுத்துக்கொண்டு இதைப் பார்ப்போம்.

தொடக்கப் பட்டியலில் 'சர்வீசஸ்' என்று தட்டினால் ஒரு நீண்ட பட்டியல் திறக்கும். ஒவ்வொரு சேவைக்கும் எதிரே அது தொடங்கும் முறை எழுதியிருக்கும். 'ஆட்டோமேட்டிக்' என்றால் கணினியோடு சேர்ந்து தானே எழுந்துவிடும். 'மேனுவல்' என்றால் யாராவது கூப்பிடும்போது மட்டும் எழும். 'டிசேபிள்ட்' என்றால் யார் கூப்பிட்டாலும் எழாது. பட்டியலின் நீளத்தைப் பார்த்து மலைக்க வேண்டியதில்லை. அதில் பல சேவைகள் 'மேனுவல்' என்ற நிலையில் உறங்கிக்கொண்டிருப்பவை. உறங்கும் சேவையை நிறுத்துவதால் கணினிக்கு வேகம் கூடப் போவதில்லை.

இன்னொரு மயக்கமும் உண்டு. 'டாஸ்க் மேனேஜர்' என்ற பகுதியைத் திறந்தால் 'சர்வீஸ் ஹோஸ்ட்' என்ற பெயர் பத்து, இருபது என்று வரிசையாக நிற்கும். வைரஸ் புகுந்துவிட்டதோ என்று பலர் அஞ்சுகிறார்கள். முன்பு பல சேவைகளை ஒரே கூரையின் கீழ் வைத்திருந்தார்கள். 2017-ஆம் ஆண்டு வந்த விண்டோஸ் 10 பதிப்பு முதல், 3.5 கிகாபைட்டுக்கு மேல் நினைவகம் உள்ள கணினிகளில் பெரும்பாலான சேவைகளுக்குத் தனித்தனி அறை கொடுத்துவிட்டார்கள். ஒன்று பழுதானால் மற்றவை பாதிக்கப்படாமல் இருப்பதற்கான ஏற்பாடு இது. எண்ணிக்கை கூடியதற்கு இதுதான் காரணம்.

சரி, ஒரு சேவையை நிறுத்தலாமா என்று பார்க்க நான்கு கேள்விகள் கேட்டுக்கொண்டால் போதும்.

முதல் கேள்வி: இது யாருடைய ஊழியர்? விண்டோசோடு வந்ததா, பிறகு நாம் சேர்த்த நிரலோடு வந்ததா? 'சிஸ்டம் கான்ஃபிகரேஷன்' என்ற பகுதியில் மைக்ரோசாப்ட் சேவைகளை மறைக்க ஒரு கட்டம் உண்டு. அதில் குறியிட்டால், வெளியிலிருந்து வந்தவை மட்டும் கண்ணில் படும். என்றோ தூக்கிப்போட்ட அச்சுப்பொறிக்குப் புது நிரல் தேடும் சேவை இன்னும் அங்கே இருக்கலாம். முதலில் ஆராய வேண்டியது இவற்றைத்தான். ஆனால் வைரஸ் தடுப்பு நிரல், ஒலி, திரை ஆகியவற்றுக்கான சேவைகளும் அங்கே இருக்கக்கூடும். அவற்றை விட்டுவிட வேண்டும்.

இரண்டாம் கேள்வி: இவரை நம்பி வேறு யார் இருக்கிறார்கள்? சேவையின் பெயரை இருமுறை தட்டித் திறந்தால் 'டிபென்டன்சீஸ்' என்று ஒரு பக்கம் வரும். அதன் மேல்பகுதியில் இந்தச் சேவை எவற்றை நம்பியிருக்கிறது என்றும், கீழ்ப்பகுதியில் எவை இதை நம்பியிருக்கின்றன என்றும் எழுதியிருக்கும். எடுத்துக்காட்டாக, 'விண்டோஸ் ஆடியோ எண்ட்பாயிண்ட் பில்டர்' என்ற புரியாத பெயருள்ள ஒன்றை நிறுத்தினால், அதை நம்பியிருக்கும் 'விண்டோஸ் ஆடியோ'வும் நின்று, கணினி ஊமையாகிவிடும். கீழ்ப்பகுதியில் பெயர்கள் இருந்தால் கையை எடுத்துக்கொள்வது நல்லது.

மூன்றாம் கேள்வி: இவர் செய்யும் வேலை நம் வீட்டில் உண்டா? தொலைநகல் அனுப்பாத வீட்டில் 'ஃபேக்ஸ்' சேவை தேவையில்லை. புளூடூத் கருவிகள் இல்லாத வீட்டில் அந்தச் சேவையும் தேவையில்லை. ஆனால் விசைப்பலகையும் சுட்டியும் புளூடூத் வழியே இயங்குகின்றனவா என்று முதலில் பாருங்கள். அப்படியானால், அந்தச் சேவையை நிறுத்தியபின் மீண்டும் தொடங்குவதற்குக் கையில் கருவியே இருக்காது! கோப்புகளைத் தேடித் தரும் 'விண்டோஸ் சர்ச்' சேவையை நிறுத்தினால் கணினி இயங்கும், தேடல்தான் மெதுவாகும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பெயரை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது. பட்டியலில் 'ரிமோட்' என்று தொடங்கும் பெயர்கள் உண்டு. தொலைவிலிருந்து யாரோ நுழைவார்கள் போலும் என்று எல்லாவற்றையும் நிறுத்தத் தோன்றும். 'ரிமோட் ரெஜிஸ்ட்ரி' என்பது வேறொரு கணினியிலிருந்து நம் கணினியின் அமைப்பை மாற்ற வழிசெய்வது. வீட்டுக்கு அது தேவையில்லை. விண்டோஸ் 10, 11 கணினிகளில் வழக்கமாக முன்பே நிறுத்தப்பட்டிருக்கும். ஆனால் 'ரிமோட் புரொசீஜர் கால்' என்பது கணினிக்குள் இருக்கும் சேவைகளே ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் வழி. 2003 ஆகஸ்டில் 'பிளாஸ்டர்' என்ற புழு அதிலிருந்த ஓட்டையைப் பயன்படுத்தித் தாக்கியபோது அந்தச் சேவை நின்றது. 60 வினாடிகள் எண்ணிக்கை காட்டிவிட்டுக் கணினியே நின்று மறுபடி தொடங்கியது. ஒரே முன்சொல், ஒன்று வேண்டாதது, மற்றொன்று உயிர்நாடி.

அதுபோலவே 'விண்டோஸ் அப்டேட்', வைரஸ் தடுப்பு, 'ஃபயர்வால்' ஆகிய காவல்காரர்களை வேகத்துக்காக வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள். 2017 மே மாதம் 'வானாகிரை' என்ற தீநிரல் பிரிட்டனின் மருத்துவமனைகளையும் உலகெங்கும் பல நிறுவனங்களையும் முடக்கியது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் அதே ஆண்டு மார்ச்சிலேயே வெளியிட்டுவிட்டது. திருத்தத்தைப் போட்டுக்கொண்ட கணினிகளில் அந்த வழி அடைபட்டிருந்தது.

நான்காம் கேள்வி: திரும்பி வர வழி வைத்திருக்கிறோமா? இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். 2021-இல் அச்சு வேலைகளை வரிசைப்படுத்தும் 'பிரிண்ட் ஸ்பூலர்' சேவையில் ஆபத்தான ஓட்டை ஒன்று வெளிப்பட்டது. 'பிரிண்ட்நைட்மேர்' என்று அதற்குப் பெயர். திருத்தம் போடும் வரை, அச்சடிக்கத் தேவையில்லாத கணினிகளில் அந்தச் சேவையை நிறுத்திவைக்கலாம் என்று அறிவுரை வந்தது. பள்ளியின் கணினி ஒன்றில் நானும் நிறுத்தினேன். எங்கும் எழுதிவைக்கவில்லை. திருத்தம் போட்ட பிறகு மறுபடி தொடங்கவும் மறந்துபோனேன். பல மாதங்கள் கழித்து, தேர்வு நாள் காலையில் அந்தக் கணினியில் வினாத்தாள் அச்சடிக்க உட்கார்ந்தோம். அச்சுப்பொறி அசையவில்லை. கம்பியை மாற்றினோம், மையை மாற்றினோம், அச்சுப்பொறி கெட்டுவிட்டது என்றே முடிவு கட்டினோம். பிள்ளைகள் வகுப்பில் காத்திருக்க, ஆசிரியர்கள் வினாக்களைக் கரும்பலகையில் எழுத வேண்டியதாயிற்று. கெட்டது அச்சுப்பொறியன்று, கெட்டது என் ஞாபகம்.

ஆகவே, எதையும் மாற்றுமுன் நான்கு காரியங்களைச் செய்யுங்கள். கணினியின் இன்றைய நிலையைச் சேமிக்கும் 'ரீஸ்டோர் பாயிண்ட்' ஒன்றை உண்டாக்குங்கள். சேவையின் பெயரையும், அதன் பழைய நிலையையும், தேதியையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். 'டிசேபிள்ட்' என்று அடியோடு முடக்காமல் முதலில் 'மேனுவல்' என்று வையுங்கள். தேவைப்பட்டால் பெரும்பாலும் அது தானே எழுந்துகொள்ளும். ஒரு நேரத்தில் ஒரே ஒரு சேவையை மட்டும் மாற்றி, ஒரு வாரம் பொறுத்துப் பாருங்கள். பத்தை ஒரே நாளில் நிறுத்தினால், கோளாறு வரும்போது எது காரணம் என்று கண்டுபிடிக்க முடியாது.

முடிவாக ஒன்று. சேவைகளை நிறுத்துவதால் கிடைக்கும் வேகம் பெரும்பாலும் சிறியதே. கணினியைத் திறந்தவுடன் தாமாக ஓடத் தொடங்கும் நிரல்களை 'டாஸ்க் மேனேஜர்' பகுதியில் உள்ள தொடக்க நிரல் பட்டியலில் நிறுத்திவைப்பது, நினைவகத்தைக் கூட்டுவது, சுழலும் பழைய வட்டுக்குப் பதிலாக எஸ்எஸ்டி வகை வட்டுப் பொருத்துவது ஆகியவை அதைவிட அதிகப் பலன் தரும், ஆபத்தும் குறைவு. அவற்றை முதலில் செய்துவிட்டு, பிறகு சேவைகளின் பக்கம் போகலாம்.

பம்பு வீட்டுக்காரரை நிறுத்துமுன், தண்ணீர் யார் யார் வீட்டுக்குப் போகிறது என்று கேட்டுக்கொள்ள வேண்டும். கணினியிலும் அதே முறைதான்.