கோபக்காரர் யார்? சொங்க்ரான் புத்தாண்டுச் சிந்தனை

ஏப்ரல் 13-இல் தொடங்கும் சொங்க்ரான் என்றதும் பலருக்கும் தண்ணீர்த் துப்பாக்கியும் நனைந்த தெருவும்தான் நினைவுக்கு வரும். தாய்லாந்து மக்களின் மரபுவழிப் புத்தாண்டான இதை, பினாங்கு, கெடா, கிளந்தான் மாநிலங்களில் வாழும் சயாமிய வம்சாவளியினரும் கொண்டாடுகிறார்கள். ‘சங்கராந்தி’ என்ற சொல்லே அங்கு சொங்க்ரான் ஆனது. சூரியன் மேஷ ராசிக்குள் நுழையும் அதே கணக்கில்தான் நமது சித்திரைப் புத்தாண்டும் பிறக்கிறது.

தெருவில் காணக் கிடைக்காத ஒரு சடங்கும் இதில் உண்டு. இளையவர்கள் பெரியவர்களின் உள்ளங்கையில் வாசனை நீரை வார்த்து, கடந்த ஆண்டில் செய்த பிழைகளுக்கு மன்னிப்புக் கேட்கிறார்கள். தன் நிறைகுறைகளை எண்ணிப் பார்க்கும் வேளை அது. அப்படி எண்ணும்போது, “நான் முன்கோபி, அது பிறவிக் குணம்” என்று சொல்லி முடித்துக்கொள்பவர்களே அதிகம்.

புத்தர் கேள்வி எழுப்பியது இந்த ‘நான்’ மீதுதான். வாரணாசிக்கு அருகிலுள்ள இசிபதனத்தில், ஐந்து சீடர்களுக்கு அவர் ஆற்றிய இரண்டாவது உரை ‘அனத்தா’ பற்றியது. அதாவது அனாத்மம். உடல், உணர்ச்சி, குறிப்பு, மனப்பழக்கங்கள், அறிவு ஆகிய ஐந்தும் சேர்ந்ததையே மனிதன் என்கிறோம். இவற்றை ‘ஐங்கந்தம்’ என்று குறிப்பிடுகிறது மணிமேகலை. இவற்றில் ஒன்று உண்மையிலேயே ‘நான்’ என்றால், “இப்படி இரு, அப்படி இராதே” என்று சொன்னதும் அது கேட்க வேண்டுமே! உடம்பு கேட்பதில்லை. கோபமும் கேட்பதில்லை. பசியும் தூக்கமின்மையும் பழைய மனக்காயமும் கூடும்போது கோபம் எழுகிறது. அவை விலகினால் அடங்குகிறது. திறமையும் அப்படித்தான். கற்றுக்கொடுத்த ஆசிரியரும் சோறு போட்ட தாயும் இல்லாமல் அது வந்துவிடவில்லை.

அப்படியானால் செய்த தவறுக்கு யார் பொறுப்பு? ‘நான்’ இல்லை என்று கைகழுவிவிடலாமா? இதை ஒத்த ஐயம் கிரேக்க அரசன் மிலிந்தனுக்கும் வந்தது. ‘மிலிந்த பன்ஹ’ என்ற பாலி நூலில் நாகசேனத் தேரர் அவனுக்கு ஒரு திருடனைக் காட்டுகிறார். மாம்பழம் திருடிப் பிடிபட்ட அவன், “இவர் நட்டது வேறு மாங்காய், நான் பறித்தது வேறு” என்று வாதாடுகிறான். பலே கெட்டிக்காரன்! ஆனால், நட்டதிலிருந்து விளைந்ததுதானே பறித்தது? தண்டனை உண்டு என்று அரசனே ஒப்புக்கொள்கிறான். ஆள் மாறிக்கொண்டே இருந்தாலும் வினையின் தொடர்ச்சி அறுவதில்லை என்பதே விளக்கம்.

குறையை என்ன செய்வது என்பதற்கு பௌத்தம் நான்கு முயற்சிகளைச் சொல்கிறது. எழாத தீமையை எழாமல் காத்தல், எழுந்ததை விடுதல், எழாத நன்மையை எழுப்புதல், எழுந்ததை வளர்த்தல். ஆளைப் பற்றிய தீர்ப்பு இவற்றில் எதிலும் இல்லை. அன்றாட வாழ்வில் அதிகம் கைகொடுப்பது முதலாவதுதான். இரவு ஷிப்ட் முடிந்து வந்து பிள்ளைகளிடம் எரிந்துவிழும் தகப்பன், தன்னை முன்கோபி என்று நொந்துகொள்ள வேண்டியதில்லை. சாப்பிட்டு, தூங்கி எழுந்த பிறகு பிள்ளையின் தேர்ச்சி அறிக்கையைக் கையில் எடுக்கலாம்.