மலை நம்முடையது, கதை யாருடையது?

மாயக் கம்பளத்தில் ஏறிப் பறக்காத பிள்ளைப் பிராயமும் உண்டோ? மந்திரவாதியின் உயிர் ஏழு கடல்களுக்கு அப்பாலுள்ள கிளியிடம் இருக்கிறதென்று பாட்டி சொன்னதை நம்பிய கண்களுக்கு, 'பாதாள பைரவி'யும் (1951) 'பட்டணத்தில் பூத'மும் (1967) பெருவிருந்தாயின.

பொல்பிட்டிய போன்ற மலைப் பகுதிகளில் இவ்விருந்து எளிதில் கிட்டியதன்று. சம்பளம் வாங்கிய பின் வரும் ஞாயிற்றுக்கிழமையில் ஹட்டனுக்குப் பஸ் ஏறினால்தான் உண்டு. பிற்காலத்தில், வாடகைக்கு எடுத்த 'டெக்'கைச் சுற்றி லயமே கூடியமர்ந்து விடிய விடியப் படம் பார்த்தது. 1969-ல் இயங்கத் தொடங்கிய பொல்பிட்டிய மின் நிலையம் நாட்டுக்கு ஒளி வழங்கிற்று. மலையகத்தின் பல லயங்களோ அதன் பின்னும் நெடுங்காலம் குப்பி விளக்கையே நம்பியிருந்தன.

களனி கங்கையில் ஒரு பாலம்

பொல்பிட்டியவுக்கு அருகே, கித்துல்கலவில், களனி கங்கையின் குறுக்கே படப்பிடிப்புக்காகவே பெரிய மரப்பாலம் ஒன்று அமைக்கப்பட்டு, 1957-ல் வெடி வைத்துத் தகர்க்கப்பட்டது. டேவிட் லீன் இயக்கிய 'குவாய் நதிப் பாலம்' என்னும் அப்படம் ஏழு ஆஸ்கார் பரிசுகளைப் பெற்றது. கதை நிகழும் இடம் தாய்லாந்து. போர்க்காலத்தில் அங்கே ஜப்பானியர் அமைத்த மெய்யான ரயில் பாதையில், மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட தமிழர் ஆயிரமாயிரமாய் மாண்டனர். படமோ வெள்ளைக்காரப் போர்க் கைதிகளின் கதையைச் சொல்லி முடிந்துவிட்டது.

கண்டியில் ஒரு 'இந்தியா'

இந்தியானா ஜோன்ஸ் என்னும் சாகச வீரனின் முதற்படம் 1981-ல் பெருவெற்றி பெற்றது. அடுத்த படத்தை இந்தியாவில் எடுக்க ஸ்டீவன் ஸ்பில்பெர்க் விரும்பினார். திரைக்கதையில் மாற்றம் வேண்டுமென்று இந்திய அரசு கூறவே, 1983 ஏப்ரலில் படக்குழு கண்டிக்கு வந்தது. விக்டோரியா அணை எழும்பிக்கொண்டிருந்த காலம் அது. அங்கிருந்த பொறியியலாளர்களின் துணையோடு பள்ளத்தாக்கின் குறுக்கே தொங்குபாலம் கட்டப்பட்டது. பாலம் அறுந்து விழும் காட்சியில் கைகால்களை உதறிக்கொண்டு வீழ்பவை பொம்மைகளே!

1984-ல் வெளியான இப்படத்தின் கதை 1935-ல் நடப்பது. முதற்படத்தின் கதையோ 1936-ல். ஆகவே இது பின்னால் வந்த முன்கதை. இன்னொரு வேடிக்கையும் உண்டு. 'இந்திய'க் கிராமத்துப் பெரியவராகத் தோன்றும் டி. ஆர். நாணயக்கார பேசுவது சிங்களம்! பாம்பும் குரங்கு மூளையும் பரிமாறும் அரண்மனை விருந்தைக் கண்டு இந்திய ரசிகர்கள் முகஞ்சுளித்ததில் வியப்பில்லை.

தொங்குபாலத்தைக் கண்டு மூச்சடக்கிய மலையகப் பிள்ளைகளுக்கு, அதன் பின்னே தெரிந்த பசுமை பழகிய பசுமையே. ஆனால் திரையில் அந்த மலைக்கு வேறு பெயர். அங்குள்ள குழந்தைகளோ சுரங்கத்தில் அடிமைப்பட்டு, மீட்பனை எதிர்நோக்கிக் கிடப்பவர்கள்.

திரைக்கு வெளியே

படக்குழு புறப்பட்டுச் சென்று சில மாதங்கள்கூட ஆகவில்லை. 1983 ஜூலையில் கண்டி, பதுளை, நுவரெலியா நகரங்களில் தமிழரின் கடைகளும் வீடுகளும் எரிந்தன. அநேகக் குடும்பங்கள் அகதிகளாயின. எந்த வீரனும் சவுக்கோடு வந்து நிற்கவில்லை.

அப்படத்தில் வீரனுக்குத் துணையாக வரும் சிறுவனை மறக்கவியலுமா? கே ஹுய் குவான் என்னும் அவன் சைகோனில் பிறந்து, 1978-ல் நாட்டைவிட்டு வெளியேறிய அகதிப் பிள்ளை. வளர்ந்தபின் பல்லாண்டுகள் நடிக்க வாய்ப்பின்றி இருந்தான். ஐம்பது வயதைத் தாண்டியபின், 2023-ல் சிறந்த துணை நடிகருக்கான ஆஸ்கார் பரிசு அவனைத் தேடி வந்தது. அம்மேடையில் தாயை விளித்து அவன் கண்ணீர் மல்கியதை உலகமே பார்த்தது.

மாணவச் செல்வங்களே, சாகசப் படங்களை விரும்பிப் பாருங்கள். வியப்பது பிள்ளைகளின் உரிமை. பார்த்து முடித்ததும், மலை யாருடையது, கதை யாருடையது என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். மலையேறிக் கொழுந்து பறித்துப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிய தாய்மாரின் சாகசம் இன்னும் போதிய அளவு படமாகவில்லை. அதை எழுதப்போகும் கை உங்களில் ஒருவருடையதாக இருக்கட்டும்.